குருதியைக் காத்துக் கொடுத்தவர்: மருத்துவர் சார்லஸ் ட்ரூ



நம் கல்லாவிப் பகுதியில் பங்குத் திருவிழா என்றால் கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி ஆகியவற்றோடு இப்போது இரத்ததான முகாமும் சேர்ந்துவிட்டது. கடந்த முறை முகாமுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, இரத்த வங்கியிலிருந்து வந்த ஒருவர் நம்மிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். பதிவு செய்த எல்லாரும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம், பாதிப் பேர் இப்போது கொடுக்கட்டும், மீதிப் பேர் இரண்டு மாதம் கழித்து வரட்டும் என்றார். நமக்கு அது வருத்தமாக இருந்தது. நூறு பேர் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டோம்; மனமுவந்து கொடுக்க வருகிற இளைஞரைத் திருப்பி அனுப்புவது முறையா என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள நாம் படித்தபோதுதான், மருத்துவர் சார்லஸ் ரிச்சர்டு ட்ரூ அவர்களின் வாழ்க்கை நம் கைக்கு வந்தது. கொடுப்பது பாதி வேலைதான், கொடுத்ததைக் காத்து உரியவரிடம் உரிய நாளில் சேர்ப்பது மறுபாதி என்பதை உலகுக்குச் செய்து காட்டியவர் அவர். அவருடைய வாழ்வை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இளமைக்காலம்

1904ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ட்ரூ பிறந்தார். தந்தை தரைவிரிப்பு பதிக்கும் தொழிலாளி. தாய் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனி மருத்துவமனை என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. சிறுவன் சார்லஸ் நீச்சலிலும் ஓட்டத்திலும் பந்து விளையாட்டிலும் சிறந்து விளங்கினான். படிப்பைவிட மைதானமே அவனுக்குப் பிடித்திருந்தது.

1920ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தில் பேரிழப்பு ஏற்பட்டது. காசநோயால் மெலிந்திருந்த தங்கை எல்சி, அப்போது உலகையே உலுக்கிய ஃபுளூ காய்ச்சலும் சேர்ந்து தாக்கியதால் இறந்துபோனாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட அந்த மரணமும் ஒரு காரணமாயிற்று.

விளையாட்டு உதவித்தொகையோடு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்து 1926இல் பட்டம் பெற்றார். மருத்துவக் கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லை. எனவே பால்டிமோர் நகரில் மார்கன் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் உயிரியல் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் வேலை செய்து பணம் சேர்த்தார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் கறுப்பின மாணவருக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஆகவே 1928இல் கனடாவின் மான்ட்ரியால் நகருக்குச் சென்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1933இல், 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். அங்கே அவருக்குக் கற்பித்த ஜான் பீட்டி என்ற பிரிட்டிஷ் ஆசிரியரிடமிருந்துதான் குருதி ஏற்றுதல் பற்றிய ஆர்வம் அவருக்கு வந்தது. இந்த ஆசிரியரை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் மீண்டும் வருவார்.

குருதி ஏன் கெடுகிறது?

அந்நாளில் குருதி தேவைப்பட்டால், கொடுப்பவரைத் தேடிப் பிடித்து நோயாளியின் அருகே கொண்டுவர வேண்டியிருந்தது. வெளியே எடுத்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடும். 1914, 1915ஆம் ஆண்டுகளில் சோடியம் சிட்ரேட் கலந்தால் உறையாது என்று கண்டுபிடித்தார்கள். 1937இல் சிகாகோ நகரின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபான்டஸ் என்ற மருத்துவர் ஒரு சேமிப்பகம் தொடங்கி, அதற்கு இரத்த வங்கி என்று பெயரிட்டார். ஆனாலும் குளிர்பெட்டியில் வைத்த குருதி சில நாட்களே தாங்கியது. ஏன் கெடுகிறது, எந்த அளவுக்குக் கெட்டால் அது நோயாளிக்கு ஆபத்து என்பதெல்லாம் தெளிவாகாத காலம்.

இந்த வேலையைத்தான் ட்ரூ எடுத்துக்கொண்டார். 1938இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். ஜான் ஸ்கட்டர் என்ற மருத்துவரோடு இணைந்து பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் 1939இல் ஒரு சோதனை இரத்த வங்கியை நடத்தினார். நாள்தோறும் சேமித்த குருதியைப் பரிசோதித்தார்கள். சிவப்பணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம், நாளாக நாளாக வெளியே கசிவதை அளந்தார்கள். சிவப்பணு பாட்டிலில் அடைத்து வைத்த ஒரு சரக்கு அல்ல. அது உயிருள்ள ஒன்று. குளிரில் அதன் வாழ்க்கை மெதுவாகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைத் தின்கிறது, கழிவைச் சேர்க்கிறது, தளர்கிறது. சேமித்த குருதி பற்றி ட்ரூ எழுதிய விரிவான ஆய்வுக்காக 1940இல் கொலம்பியா அவருக்கு மருத்துவ அறிவியலில் முனைவர் பட்டம் அளித்தது. அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே.

போர்க்காலப் பணி

1940இல் இங்கிலாந்து நகரங்கள் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. காயமடைந்தவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து குருதி அனுப்ப வேண்டும். முழுக் குருதி கப்பல் பயணத்தைத் தாங்காது. ஆனால் அணுக்களை நீக்கிய பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி அதிக நாள் தாங்கும். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகப் பணிக்குத் திரும்பியிருந்த ட்ரூவை, இத்திட்டத்திற்கு மருத்துவப் பொறுப்பாளராக நியூயார்க்குக்கு அழைத்தார்கள். அப்போது இங்கிலாந்துப் படையில் குருதிப் பணியில் இருந்த பழைய ஆசிரியர் பீட்டியும் தம் மாணவரின் உதவியை நாடினார்.

பல மருத்துவமனைகளில் பலர் பல விதமாகச் சேகரித்த பிளாஸ்மாவில் கிருமி கலந்துவிடும் ஆபத்து இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே முறை, ஒரே சோதனை, ஒரே தரம் என்று ட்ரூ ஒழுங்குபடுத்தினார். சுமார் ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 14,500 பேர் குருதி கொடுத்தனர். 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கடல் கடந்து சென்றது. 1941இன் தொடக்கத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடித் திட்டத்திலும் பணியாற்றினார். குளிர்பெட்டி வைத்த வண்டியை மக்களிடமே கொண்டுசென்று குருதி சேகரிக்கும் ஏற்பாடும் அப்போது நடைமுறைக்கு வந்தது. இன்று நம் ஆலய வளாகத்தில் வந்து நிற்கும் வண்டிக்கு அதுவே முன்னோடி.

பிரித்து வைக்கப்பட்ட குருதி

அந்த ஆண்டின் பிற்பகுதியில் வேதனையான ஒன்று நடந்தது. படைத்துறையின் விருப்பப்படி, கறுப்பினத்தவரின் குருதியைச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்கவில்லை. எதிர்ப்பு எழவே, 1942இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் வெள்ளையரின் குருதியோடு சேராமல் தனியே பிரித்து வைத்தது. இந்தத் திட்டம் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் ஒருவரின் குருதியே இப்படித் தனியே வைக்கப்பட வேண்டியதாயிற்று. இதைக் கண்டித்துத்தான் ட்ரூ பதவி விலகினார் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதற்கு முன்பே, 1941 ஏப்ரலில், அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்தப் பிரிவினைக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை வெளிப்படையாகவே கண்டித்தார். அந்த வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் முற்றிலும் கைவிட்டது 1950இல்தான்.

ட்ரூ தம் எஞ்சிய ஆண்டுகளைப் புகழ் தேடுவதில் செலவிடவில்லை. ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இளம் கறுப்பின மருத்துவர்களை எந்த வெள்ளை மருத்துவருக்கும் குறையாத அறுவை வல்லுநர்களாக உருவாக்குவதே தம் முதன்மைப் பணி என்று கருதினார். 1944இல் கறுப்பின மக்களின் உயர்ந்த விருதான ஸ்பிங்கார்ன் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

1950 ஏப்ரல் 1ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரில் ஆண்டுதோறும் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு மூன்று மருத்துவர்களோடு காரில் சென்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் பயணம். வட கரோலினாவில் காலை வேளையில் காரை ஓட்டிய ட்ரூ கண்ணயர்ந்துவிட்டார். கார் கவிழ்ந்தது. அவர் உயிர் பிரிந்தபோது வயது 45. மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர்.

இங்கே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரத்த வங்கியை உருவாக்கியவரே குருதி மறுக்கப்பட்டு, வெள்ளையர் மருத்துவமனையின் வாசலில் இறந்தார் என்ற கதையைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மறையுரையில் நாமே சொன்னோம். அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் விலகிச் சென்றவர்களின் உவமைக்கு அது மிகப் பொருத்தமாகத் தோன்றியது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் அது உண்மையல்ல. அருகிலிருந்த மருத்துவமனையில் வெள்ளை மருத்துவர்கள் அவரைச் சேர்த்து, காப்பாற்ற இயன்றதெல்லாம் செய்தார்கள். உடன் சென்ற மருத்துவரே இதைப் பின்னர் உறுதிப்படுத்தினார். காயங்கள் அவ்வளவு கடுமையானவை. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் பலர் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது மெய். இவருக்கு அது நிகழவில்லை என்பதும் மெய். நல்ல நோக்கத்திற்காகக்கூட உதவி செய்தவர்களின் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று இப்போது உணர்கிறோம்.

மிச்சமிருந்த வேலை

பிளாஸ்மாவைக் காக்கும் வழியை ட்ரூ ஒழுங்குபடுத்திவிட்டார். சிவப்பணுவை நெடுநாள் காக்கும் வேலை மற்றவர்களுக்கு மிச்சமிருந்தது. 1943இல் இங்கிலாந்தில் ஒரு புதிய கரைசல் வந்தது. குருதி 21 நாள் தாங்கியது. பின்னர் வந்த கரைசலில் 35 நாள். இன்று நம் நாட்டிலும் பயன்படும் கூட்டுக் கரைசலில் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் 42 நாள்வரை வைக்கலாம்.

இந்த 42 நாள் யாருக்கு மிகவும் முக்கியம்? சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு நோய் உள்ளவர்களுக்கு. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபுக் குறையால் அவர்களுடைய ஹீமோகுளோபின் மாறியிருக்கும். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைத்து, நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். தாங்க முடியாத எலும்பு வலி, காய்ச்சல், சில குழந்தைகளுக்குப் பக்கவாதம்கூட வரும். நம் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அவர்களுடையது 10 முதல் 20 நாள்தான். பக்கவாத ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு முறையாகக் குருதி ஏற்றினால் அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது என்பதை 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே இவர்களில் சிலருக்கு மூன்று, நான்கு வாரத்திற்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்காகக் குருதி வேண்டும்.

சேமிப்பில் சிவப்பணுவுக்கு என்ன நேர்கிறது? திசுக்களுக்கு ஆக்சிஜனை விடுவிக்க உதவும் டி.பி.ஜி. என்ற பொருள் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நோயாளியின் உடலில் ஏறியபின் அது மீண்டும் ஊற ஒன்றிரண்டு நாள் ஆகும். அணுவின் சவ்வு விறைக்கிறது, வட்டத்தட்டு வடிவம் மாறி முள் முளைத்த உருண்டையாகிறது. சில அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே சிந்துகிறது. சேமித்த அணுக்களில் 75 விழுக்காடாவது ஏற்றிய மறுநாளும் உடலில் நிலைத்திருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். அப்படியானால் கால் பங்குவரை முதல் நாளிலேயே அழிந்துபோக இடமுண்டு. எப்போதாவது ஒரு பை ஏற்றிக்கொள்பவருக்கு இது பெரிதல்ல. மாதந்தோறும் ஏற்றிக்கொள்ளும் குழந்தைக்கு, இழக்கும் ஒவ்வொரு பங்கும் அடுத்த பையை முன்கூட்டியே அழைக்கிறது. ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது.

அப்படியானால் பழைய குருதி தீமையா என்று நீங்கள் கேட்கலாம். அச்சப்படத் தேவையில்லை. உகாண்டாவின் கம்பாலா நகரில் மலேரியா அல்லது சிக்கிள் செல் நோயால் கடும் சோகைக்கு ஆளான 290 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 10 நாளுக்குட்பட்ட குருதி ஒரு பிரிவினருக்கும், 25 முதல் 35 நாளான குருதி மறு பிரிவினருக்கும் ஏற்றப்பட்டது. 2015இல் வெளியான முடிவின்படி, உயிர் காக்கும் அவசரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பயன் தந்தன. ஆகவே ஆபத்து வேளையில் கைக்குக் கிடைத்த நல்ல குருதியே சிறந்த குருதி. ஆனால் ஆண்டுக்கணக்காக ஏற்றிக்கொள்ளும் சிக்கிள் செல் நோயாளிக்கு, இயன்றவரை புதிய, நன்கு பொருந்திய குருதி கிடைப்பதை மருத்துவர் பலர் விரும்புகின்றனர்.

நம் அருகில்

ட்ரூ இறந்து இரண்டே ஆண்டுகளில், 1952இல், ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்நோயின் மரபுக்கூறு இருப்பதை உலகுக்கு அறிவித்தார்கள். இந்தியாவில் அதுவரை யாரும் அறியாத செய்தி அது. லேமன், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிவந்த யூதர். இன்று கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்நோயாளிகள் தொடர்ந்து பேணப்படுகிறார்கள். 2023 ஜூலை 1ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய திட்டம், 2047க்குள் இந்நோயை ஒழிக்க இலக்கு வைத்துள்ளது.

நீலகிரி தொலைவில் இருக்கிறது என்று நாம் எண்ண வேண்டாம். ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வரும் சகோதரர்களில் பலர் ஒடிசா, சார்க்கண்டு, சத்தீஸ்கர் போன்ற மாநிலத்தவர். அம்மாநிலங்களில் இந்நோய் அதிகம். அவர்கள் பிள்ளைகளில் ஒருவருக்கு நம் மாவட்ட மருத்துவமனையில் குருதி தேவைப்பட்டால், உறவினர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்கள். கொடுக்க அருகில் இருப்பவர் நாமே. வடக்கத்தியர் என்று ஒதுக்கிப் பேசும் வழக்கம் நம் ஊரிலும் தேநீர்க் கடைகளில் கேட்கிறதல்லவா? அமெரிக்காவில் குருதிப் பையில் ஒட்டிய சீட்டை, நாம் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இனத்தைப் பார்த்துப் பிரிப்பது பொய். அணுவைப் பார்த்துப் பொருத்துவது மெய். ஏ, பி, ஓ வகையும் ஆர்.எச். டி-யும் பொருந்தினால் மட்டும் இந்நோயாளிகளுக்குப் போதாது. சி, ஈ, கெல் போன்ற நுண் அடையாளங்களும் பொருந்த வேண்டும். இல்லையேல் பலமுறை ஏற்றிய பின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, கிடைக்கும் குருதியெல்லாம் பொருந்தாமல் போகும். இந்த அடையாளங்கள் சில குலங்களில் மிகுந்தும் சிலவற்றில் அரிதாகவும் இருக்கும். எனவே எல்லாச் சமூகத்தாரும், புலம்பெயர்ந்து வந்தவரும், நம்மோடு சேர்ந்து கொடுத்தால்தான் எல்லாருக்கும் பொருந்தும் பை கிடைக்கும். ஒருவரை ஒதுக்கினால் ஒரு நோயாளிக்குரிய மருந்தையே ஒதுக்குகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

இரத்த வங்கியிலிருந்து வந்தவரின் வேண்டுகோள் இப்போது நமக்கு விளங்குகிறது. திருவிழா நாளில் நூறு பை நிரம்பும். 42 நாள் கழித்து, பயன்படாத பைகளைக் கொட்ட வேண்டும். அதன்பின் வரும் வாரத்தில் ஒரு குழந்தை வந்தால் அலமாரி காலியாக இருக்கும்.

ஆகவே நம் பங்கில் ஒரு முடிவு எடுத்துள்ளோம். அன்பியங்கள் ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு மாதத்தைத் தன் பொறுப்பாக ஏற்கும். 18 முதல் 65 வயதுவரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் போதிய ஹீமோகுளோபினும் உள்ள நலமானவர் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறை கொடுக்கலாம். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் இளையோர் தங்கள் உடன் பணியாளரையும், எம்மொழி பேசினாலும், அழைத்து வரட்டும். சுவரொட்டியில் இனி எண்ணிக்கை போட மாட்டோம்.

ட்ரூ ஒரு மாபெரும் அற்புதத்தைச் செய்தவர் அல்லர். பிறர் கொடுத்ததை வீணாகாமல் காத்தவர். நாள்தோறும் அளந்து, குறித்து, ஒழுங்குபடுத்தியவர். நம் கொடையும் கைதட்டலுக்கான ஒருநாள் கொடையாக இல்லாமல், தேவைப்படுபவரின் நாளை எண்ணிக் கொடுக்கும் கொடையாக அமையட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.